குறி மாறும் பக்கம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் மேகலாவுக்கு ஜன்னலோரம்தான் வேண்டும். பனி படிந்த கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்களை விரலால் போடுவாள். ஒன்று கன்னடக்காரர்களுக்கு, இன்னொன்று தமிழ்க்காரர்களுக்கு. ஏறுகிற ஆளையெல்லாம் புள்ளியாக்கி உள்ளே வைப்பாள்.

“நான் எங்கனக்கா இருக்கேன்?” என்று கேட்பாள் மத்திகிரியில் ஏறும் லாவண்யா, விருதுநகர்ப் பெண்.

“நீ தமிழ்ல மட்டும். நான் நடுவுல. ஊட்ல கன்னடம், கம்பெனில தமிழ். பத்தாவது பரீட்சைல என்னை மாதிரி ஆளுங்கள ரெண்டு பக்கமும் எண்ணிட்டு, ஒருக்கா கழிக்காம வுட்டேன். அப்படியே கணக்குல பெயிலு.”

கணக்கோடு பத்தாவதும் போயிற்று. பிறகு கல்யாணம், ஒரு மகள், ஓசூரில் ஒயர் கோக்கும் வேலை. பத்தாவது தேறியவர்களைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று கம்பெனியில் சொன்னதும், முப்பத்து மூன்று வயதில் தனித்தேர்வராக மனுப் போட்டாள். அவளைக் கவிழ்த்த, வட்டம் போடும் கணங்கள் பாடம் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது, பரீட்சைக்கு வராது. ஆனாலும் அதிலிருந்தே ஆரம்பித்தாள். “உழுந்த எடத்துலருந்துதான எந்திரிக்கணும்?”

கணக்கில் ஒரு படியைக்கூடத் தாண்டிப் போகமாட்டாள். பஸ்ஸில் லாவண்யா மனக்கணக்காக விடையைச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். “எக்ஸ தனியா ஒக்கார வெக்கணும். கூட இருக்கற அஞ்ச அந்தப் பக்கம் அனுப்பு. அனுப்பறப்போ குறி மாறிப்போவும். புகுந்த ஊட்டுக்குப் போனா நமக்கு மாறலயா?”

“இந்த வயசுல எக்ஸக் கண்டுபுடிச்சு இன்னா பண்ணப் போற?” என்று கேட்டான் கணவன் நாராயணப்பன். அன்று அவள் ராகிக் களி கிண்டிய வேகத்தில் அடுப்பே ஆடியது.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் லாவண்யாவுக்குப் போன் செய்தாள். “வயசுக் கணக்கு வந்துச்சு. விடை ரெண்டு. ஒண்ணு மைனஸ். வயசு மைனஸ்ல இருக்காது, அதால அது வாணாம்னு ஒரு வரி எழுதிட்டுதான் வந்தேன்.”

முடிவு வந்த நாளன்று, கேட்டில் வாங்கி வைத்திருந்த போன் ஷிப்ட் முடிந்துதான் கைக்கு வந்தது. மேகலாவுக்கு விரல் ஓடவில்லை. லாவண்யாதான் தேர்வு எண்ணைத் தட்டினாள். வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.

“யக்கா, பாஸு.”

நீட்டிய போனை மேகலா உடனே வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையையும் ஏந்தினாள்.