கடைசியாக எதைத் தொட்டீர்கள்?

முதலில் கதவை மூன்று முறை தட்டுவார். அதற்குப் பிறகுதான் கருவிப் பையைக் கீழே வைப்பார். "வந்துட்டேன்... நான் வந்துட்டேன். வெளியிலதான் நிக்கிறேன். கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று லிஃப்ட் கதவின் இடுக்கில் வாயை வைத்துச் சொல்வார். இரண்டு மாடிகளுக்கு நடுவே உள்ளே தொங்கிக்கொண்டிருப்பவர் பெரிய கம்பெனி முதலாளியாக இருந்தாலும் சரி, காய்கறிப் பையோடு ஏறிய அம்மாளாக இருந்தாலும் சரி, வசனத்தில் ஒரு எழுத்து மாறாது. அடுத்த கேள்வியும் மாறாது. "கடைசியா எதைத் தொட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க, திட்டமாட்டேன்."

உள்ளேயிருந்து வரும் பதிலும் இத்தனை வருஷத்தில் மாறியதில்லை. "ஐயோ, நான் ஒண்ணுமே தொடலீங்க!"

யாரும் எதையும் தொடாமல் லிஃப்ட் எதற்கு நிற்கப்போகிறது என்பது அவர் கட்சி. ஆனால் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டார். பயம் வந்துவிட்டால் கைக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிடுகிறது, பாவம், கை செய்தது மூளைக்குத் தெரியாது என்று பெருந்தன்மையாக விளக்கம் கொடுப்பார். அந்தக் குரலாலேயே அவருக்கு 'வந்துட்டேன் அண்ணன்' என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருக்குத் தினமும் சலாம் வைக்கிற காவலாளிகளே திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒடிசலான, நெடிய உருவம். நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் மசியாத கிரீஸ். கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும். இதில் வேடிக்கை, மற்றவர்கள் ஏறுவதற்காக லிஃப்ட்டைப் பழுது பார்க்கிற மனுஷர், தான் ஏறமாட்டார். "நீ ஏறும்மா, நான் பார்த்த மெஷின்தான்" என்று மனைவியை அனுப்பிவிட்டு, அவர் படிக்கட்டில் ஓடுவார். ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவில் காதை வைத்துக் கேட்பார். மேலே போய்ச் சேரும்போது அந்த அம்மாள் ஜம்மென்று நின்றுகொண்டிருப்பார். இவருக்குத்தான் தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்த வேண்டியிருக்கும்.

கவலை என்பது அவருக்குக் குணமா, தொழிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெளியே கிளம்பும்போது, "அடுப்பை அணைச்சாச்சா?" என்று கேட்பார். "அணைச்சாச்சுங்க" என்று பதில் வரும். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்ப்பார். "உன்னை நம்பாம இல்லை. அடுப்பைத்தான் நம்ப முடியலை" என்று சமாதானம் வேறு.

லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிடுவார். தேவையான சுவிட்ச், தேவையில்லாத சுவிட்ச் என்ற பாகுபாடே கிடையாது. பிறகு கருவிப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அங்கே தொங்கவிடுவார். 'உள்ளே ஆள் வேலை செய்கிறார். தொடாதே.' அட்டையை மாட்டியவரேதான் அதை எடுக்கவேண்டும், எடுத்தவரேதான் சுவிட்சைப் போடவேண்டும். குழிக்குள் இருக்கிறவர் உயிர் அந்த அட்டையில்தான் தொங்குகிறது. வீட்டிலும் இதே கதைதான், அட்டை ஒன்றுதான் பாக்கி. ஒரு பல்பை மாற்ற வீடு முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார். "ஒரு பல்புக்காக ஃபிரிட்ஜ் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று மனைவி கேட்டால், "கை தானா போயிடுது" என்பார்.

மனைவிக்குக் கைகள்தான் தொழில். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைகளிலிருந்து அழைப்பு வரும். உள்ளறையில் நீலத் திரைச்சீலைக்கு முன்னால், விரல்கள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று வெறும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப் முன் உட்காருவார். டாக்டர் வாயால் சொல்வதை விரலால் சொல்வார். நோயாளி விரலால் சொல்வதை வாயால் சொல்வார். அந்த லேப்டாப் கிழடு தட்டிப்போனது. பேச்சின் நடுவே படம் உறைந்துபோகும். "பாதி வார்த்தையில என் கை அந்தரத்துல நிக்குதுங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க நான் சொன்னதைப் பாதியிலயே தப்பா எடுத்துக்கிட்டா?" என்று ஒரு நாள் சொன்னார்.

சொன்னது ஒரு தடவைதான். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தரத்தில் எது நின்றாலும் இவருக்கு ஆகாது.

மைத்துனன் யோசனை சொன்னான். "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடுங்க மாமா, பழைய மெஷினும் பறக்கும். அரை மணி நேர வேலை." பென் டிரைவையும் அனுப்பிவைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவி கடைக்குக் கிளம்பும் நேரத்தில் இவர் பென் டிரைவும் கையுமாக உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேணாங்க. நாலு மணிக்கு எனக்கு முக்கியமான வேலை இருக்கு."

"நாலு மணிக்குத்தானே? மத்தியானத்துக்குள்ள பளபளன்னு கையில கொடுத்துடறேன், போயிட்டு வா."

நாலு மணி வேலை என்னவென்று அவருக்கும் தெரியும். வெளியூர் மருத்துவமனையில் காது கேளாத ஒரு பெண், நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வயிற்றில் குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறுகிறது. இன்றே அறுத்து எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று டாக்டர் விளக்கவேண்டும். முன்பொரு முறை, அவளிடம் காகிதத்தில் எதையோ எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்னவென்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. இந்தத் தடவை, 'அக்கா வந்து சொன்னால்தான்' என்று எழுதிக் காட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாளாம். அக்கா என்றால் இவர் மனைவி. திரையில் பார்த்துப் பழகிய அக்கா.

லினக்ஸ் நல்லபடியாகவே ஏறியது. திரை பளிச்சென்று திறந்தது. சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் செய்தது. அவர் தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார். பிறகுதான் மூலையில் இருக்கவேண்டிய வைஃபை விசிறிப் படத்தைக் காணோம் என்று பார்த்தார். தேடிப் போய்த் திறந்தால், 'வைஃபை அடாப்டர் இல்லை' என்று எழுதியிருந்தது. சிக்னல் சரியில்லை என்றோ பாஸ்வேர்டு தப்பு என்றோ சொன்னால் ஏதாவது செய்யலாம். அப்படி ஒரு உறுப்பே இந்த உடம்பில் இல்லை என்று சாதித்தது மெஷின்.

மைத்துனனைக் கூப்பிட்டார். "வைஃபையை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் இல்லை மாமா. நெட்ல இருந்து டவுன்லோடு பண்ணிக்குங்க" என்றான் அவன்.

"நெட்டே இல்லைங்கிறேன், நெட்ல இருந்து எடுங்கிறியே!"

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. போனில் இறக்கி, பென் டிரைவில் மாற்றி, கஷ்டப்பட்டு உள்ளே ஏற்றினார். இல்லை. போனையே கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்துப் பார்த்தார். வீட்டில் இருந்த கேபிள்கள் எல்லாம் சார்ஜ் ஏற்ற மட்டும் தெரிந்த ஜாதி. மோடத்திலிருந்து நேராகக் கம்பி செருகலாம் என்றால், லேப்டாப்பில் அந்தத் துளை போன வருஷமே உடைந்துபோயிருந்தது. மைத்துனன் சொன்ன கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால், வேர்க்க விறுவிறுக்க அடித்தார். லினக்ஸையே முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டார். 'வைஃபை அடாப்டர் இல்லை.' பழையதற்கே திரும்பிப் போகலாம் என்றால், அதைத்தான் காலையிலேயே சுத்தமாகத் துடைத்தாயிற்று.

கடைசியில் மைத்துனன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வைஃபை கார்டே செத்துப்போச்சு போல இருக்கு மாமா. அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"நீ ஒண்ணும் சொல்லவேணாம், வை போனை" என்று வைத்துவிட்டார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "என்னங்க, ஆச்சா?"

"அப்டேட் ஓடுது" என்றார். வாயிலிருந்து பொய் எப்படி வழுக்கிக்கொண்டு வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் படிப்பதுதானே அவருக்குச் சோறு. மேல் வீட்டில் லேப்டாப் கேட்கலாம் என்று போனார், பூட்டியிருந்தது. கூடத்தில் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து மருத்துவமனையைக் கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளறையிலிருந்து இவருக்கும் அது தெரிந்தது. உள்ளங்கை அளவு திரையில் முகமூடி போட்ட டாக்டர், நர்ஸ், கட்டில், கட்டிலில் அந்தப் பெண். ஒரு கையில் சொட்டு மருந்துக் குழாய் ஏறியிருந்ததால் ஒற்றைக் கையால் பேசிக்கொண்டிருந்தாள். விரல்கள் தீக்குச்சிகளாகத் தெரிந்தன. மனைவி முகத்தைத் திரைக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் பிடிபடவில்லை.

"பரவாயில்லைங்க, நான் இதுலயே பார்த்துக்கிறேன்" என்றார் இவர் பக்கம் திரும்பி.

அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அந்தக் குட்டித் திரையில் ஒரு விரல் மடிந்ததா நீண்டதா என்று தெரியாமல் போய், இன்றைக்கு என்பது நாளைக்கு என்று ஆகிவிட்டால்? நான் செய்த வினைக்கு எவளோ சுமக்கிற பிள்ளையா பலி? லேப்டாப்பைப் பிரித்துப் பார்க்கலாமென்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எந்தத் திருகிலும் அது உட்காரவில்லை. அறையில் காற்றே இல்லாத மாதிரி இருந்தது.

கதவு தட்டப்பட்டது. மூன்று முறை.

"வந்துட்டேன்" என்றது மனைவியின் குரல். "வெளியிலதான் நிக்கிறேன். மூச்சை மெதுவா விடுங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரை இன்னொரு திருகில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"கடைசியா எதைத் தொட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க, திட்டமாட்டேன்."

"நான் ஒண்ணுமே தொடலை!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் காதில் விழுந்தது. இது யார் பேசுகிற வசனம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி சிரிக்கவில்லை.

"காலையில இருந்து சொல்லுங்க. முதல்ல என்ன பண்ணுனீங்க?"

"பென் டிரைவைப் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கீபோர்டுல ஒரே தூசியா இருந்துச்சு. புளோயரை வச்சு ஊதினேன்."

"சும்மா ஊதிட்டீங்களா? அதுக்கு முன்னாடி?"

"சும்மா எப்படி ஊதுவாங்க? எல்லாத்தையும் அணை..."

அவர் குனிந்தார். லேப்டாப்பின் முன்விளிம்பில், காலையிலிருந்து அவருடைய மணிக்கட்டு பதிந்து கிடந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, நகக்கண் அளவுக்கு ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச். வைஃபையை உயிரோடு வைப்பதும் கொல்வதும் அதுதான். கண்ணில் பட்டதையெல்லாம் அணைக்கிற கை, போகிற போக்கில் அதையும் அணைத்திருக்கிறது. அட்டை மாட்டவில்லை, அதனால் மறுபடி போடவேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை.

கட்டைவிரலால் தள்ளினார். ஒரு 'டிக்'. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூலையில் விசிறி விரிந்தது. எதிர் வீடு, பக்கத்து வீடு, கீழே பல் டாக்டர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக அவர்கள் வீட்டுப் பெயரும் வந்தது. தாழ்ப்பாளைத் திறந்தார். நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை.

"நான்தான் அணைச்சேன்" என்றார்.

"சரி, நகருங்க" என்றார் மனைவி. திட்டமாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மோதிரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரை முழுக்க அந்தப் பெண் வந்தாள். இவ்வளவு பெரிதாக அக்காவைக் கண்டதும் முகம் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே ஒற்றைக் கையால் படபடவென்று பேசினாள். மனைவியின் கைகள் எழுந்தன. "இப்ப சொல்லுங்க டாக்டர்" என்றார்.

அவர் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கருவிப் பையைத் திறந்து சிவப்பு அட்டையை எடுத்துக் கதவுப் பிடியில் தொங்கவிட்டார். பிறகு கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.