அம்மா பேர் சொல்லி ஜெபித்தாள்

எங்கள் அம்மா மாதிரி ஜெபம் பண்ண ஏரல் பக்கத்துச் சபைகளில் ஆள் கிடையாது. அவளுக்கு அது பெருமை. எங்கள் குடும்பத்துக்கு அதுவே வினையாகவும் வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. பாளையங்கோட்டை மிஷனிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள், "பொத்தாம்பொதுவாக ஜெபிக்காதீர்கள், பேர் சொல்லி ஜெபியுங்கள்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தாள். அத்தையின் பேரைச் சொல்லி, "ஆண்டவரே, என் மைனியோட வாய்க்கு ஒரு கடிவாளம் போடும்" என்று கண்ணை மூடி உருகினாள். மைனி என்றது என் அப்பாவின் அக்காவை. அத்தை இரண்டு பாய் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆமென் சொல்லுமுன்பே அத்தை எழுந்துவிட்டாள். "இவ இருக்க கோயில்ல இனி நான் கால் வைக்க மாட்டேன். இவகூட ஒரு பந்தியில உக்காந்தா என்னன்னு கேளுங்க!"

கடிவாளம் விழவில்லை என்பது அங்கேயே நிரூபணமாயிற்று. புருஷன் போன பிறகு தனியாக இருந்தவள் அத்தை. சபையை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. ஆனாலும் நாலு மாதம் கோயில் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் உரலில் எதையாவது போட்டு இடிப்பாள்.

பிறகு அசனப் பண்டிகை வந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த பிடியரிசியை ஒரே அண்டாவில் பொங்கி, ஆட்டுக்கறியோடு சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். சபையை நடத்தும் உபதேசியார் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லா வீடும் பதில் சொன்ன பிறகே ஜெபம், ஜெபத்துக்குப் பிறகே சோறு. அத்தை வீட்டைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு அவர் உட்கார்ந்தேவிட்டார்.

"உபதேசியாரே, கறி ஆறிப்போவுது வே" என்றார் அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா.

"ஆறட்டும் வே. ஒரு வீட்ட விட்டுட்டுத் திங்கதுக்கு அவனவன் அடுப்படி போதுமே. இங்கன எதுக்கு வந்தீரு?"

கறி வாசனை என்னைப் பாடாய்ப் படுத்தியது. சோறு வாங்க வைத்திருந்த என் ஓலைப்பட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தேன். சமாதானம் பண்ண இல்லை, நம்புங்கள். அங்கே கருவாட்டுக் குழம்பாவது இருக்கும் என்றுதான்.

"ஏட்டி, அங்கன ஆடு அடிச்சிருக்காவ, இங்கன வந்து நிக்கே?"

"நீங்க வராம ஒருத்தருக்கும் சோறு கிடையாதாம் அத்தை."

அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆனது. "எல்லாருமா பட்டினி கெடக்காவ? ஒங்க அம்மையுமா?"

வாழ்க்கையின் முதல் பெரிய பொய்யை அப்போதுதான் அவிழ்த்துவிட்டேன். "அம்மைதான் சொன்னா, மைனி வராம சோத்துல கை வைக்க மாட்டேன்னு."

அதற்குள் என்னைத் தேடி அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் பாதிச் சபை. அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏளா, நான் வராம சாப்பிட மாட்டேன்னியாமே? நெசமா?"

செத்தேன் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"நெசந்தான் மைனி. ஜெபம்னு நெனச்சு ஆண்டவர்ட்ட கோள் சொல்லிட்டேன். தப்புதான்."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "கோளு என்னளா கோளு? உள்ளதத்தானே சொன்னே!" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அம்மா மட்டும் அழுதாள்.

"ஏலே, அண்டாவ இங்கன தூக்கிட்டு வாங்கலே!" என்று உபதேசியார் கத்தினார். நாலு பேர் மூங்கில் கட்டித் தூக்கி வர, பாட்டும் கைத்தட்டுமாகச் சபை மொத்தமும் அத்தை வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. அத்தை வீட்டை மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டார். "இருக்கேன்!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பனைமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரே பொய்யில் ஒரு சபையையே சேர்த்துவைத்த கெட்டிக்காரி நான், என்னைக் காப்பாற்ற அம்மாவும் கூடச் சேர்ந்து பொய் சொன்னாள் என்று பல வருஷம் மார்தட்டித் திரிந்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா உட்காருவாள். அவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் காலேஜுக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் அப்பா சொன்னார்: அசனத்துக்கு முந்தின மூன்று நாளும் அம்மா ஒரு பருக்கை தொடவில்லையாம்.