ஒற்றை சீட்

திருத்தங்கல் ஷோரூமில் விற்பனையாளர் அந்தச் சிவப்பு பைக்கை முறுக்கிக் காட்டியதும் என் மகனின் முகம் மலர்ந்தது. எனக்கு அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

அப்பாவும் அப்படித்தான் முறுக்குவார். ஸ்டைலுக்காகப் பின் சீட்டையே கழற்றிவிட்டு, ஓர் ஆள் மட்டும் உட்காரும்படி வண்டியை மாற்றியிருந்தார்.

"என்னைய எங்கன உக்கார வைப்பீக?" என்று அம்மா கேட்டாள்.

"நீதான் கம்பெனி பஸ்ல போறியே" என்று சிரித்தார்.

அம்மாவுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை. அவள் கையில் ஒட்டிய வெள்ளி நிற மருந்துத்தூள் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒரு நாள் மதியம் எங்கள் தகரக் கதவு அதிர்ந்தது. வெடிச் சத்தம் கேட்டு எல்லோருக்கும் முன்னால் கம்பெனி வாசலில் போய் நின்றது அப்பாவின் வண்டிதான். ஆனால் தீக்காயத்தோடு கிடந்த அம்மாவை ஏற்ற அதில் இடமில்லை. பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு மாமா, தன் பழைய மொபெட்டில் அம்மாவை நடுவில் உட்காரவைத்து, கூட வேலை பார்த்த அக்கா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவர்கள் எங்கள் தெருமுனையைக் கடந்தபோது நான் பார்த்தேன். மொபெட் திணறிக்கொண்டு போனது. அதன் பின்னால் அப்பாவின் வண்டி, முறுக்காமல், ஊர்ந்து போனது.

அம்மா திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா நீள சீட் வாங்கி மாட்டினார். அதன் பிறகு தனியாகப் போகும்போதும், பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, முன்னால் தள்ளித்தான் உட்காருவார்.

"பிடிச்சிருக்காம்மா?" பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்த மகன் கேட்டான்.

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருலே."

"ஒத்தை சீட் வண்டிம்மா, இதுக்கு மேல இடமில்ல."