பதினோராயிரத்தில் ஆயில் போட்ட கதை

1. அமாவாசை சர்வீஸ்

தொண்ணூற்றெட்டில் எங்கள் யார்டுக்குப் புது டர்போ லாரி வந்த அன்று, காலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக உள்ளே போன நான் சாயந்திரம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். பரீட்சை, இன்டர்வியூ ஒன்றும் கிடையாது. லாரியோடு ஒரு மேனுவல் வந்தது, அது இங்கிலீஷில் இருந்தது, அவ்வளவுதான். ஓனர் நஞ்சப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யார்டில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற ஒரே ஆள் என்று என்னைக் கூப்பிட்டார். அந்தப் பேப்பரில் நான் படித்தது கிரிக்கெட் ஸ்கோர் மட்டும்தான். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

யார்டு, உல்சூரைத் தாண்டி பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. மர்பி டவுனிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். புதுசைச் சேர்க்காமல் ஒன்பது லாரி. அதில் ஏழுக்குக் கிலோமீட்டர் மீட்டர் ஓடாது. அதனால் ஆயில் மாற்றுவதற்கு எங்களிடம் இருந்தது அமாவாசைக் கணக்கு. அமாவாசை அன்று எந்த வண்டியும் எப்படியாவது யார்டுக்கு வந்துவிடும். கழுவி, பூ வைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். மூன்றாவது அமாவாசைக்குப் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவோம். நடுவில் எவ்வளவு ஓடியது என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பழைய இன்ஜின்களும் பெருந்தன்மையாக ஓடிக்கொண்டிருந்தன.

புது லாரியை அன்வர் பாயிடம் கொடுத்தார்கள். பாய்க்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத லாரிகளை இருபது வருஷம் திருப்பித் திருப்பி அவருடைய வலது தோள் போயிருந்தது. சட்டையில் முதலில் வலது கையை நுழைத்து, பிறகு இடது கையால் மீதியை இழுத்து மாட்டுவார். இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டினால் கை தூக்க வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது லாரியில் பவர் ஸ்டியரிங் இருந்தது. பாய் அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு விரலால் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த விரலைப் பார்த்தார்.

நஞ்சப்பாவின் தமிழில் கால்வாசி கன்னடம் இருக்கும். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பாய், இது வாரண்டி வண்டி. நம்ம தப்பால இன்ஜினுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க மறுபடி நாலாம் நம்பர்தான். நோட்ரி, பாத்துக்குங்க, இப்பவே சொல்லிட்டேன்."

நாலாம் நம்பர் லாரியைத் திருப்ப, ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து நிற்க வேண்டும். பாய் அந்த வண்டிக்குத் திரும்பினால் அவர் டிரைவர் வேலை அதோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

2. பதினைந்து வாட்

மேனுவலில் ஆயிலுக்கு 15W-40 என்று போட்டிருந்தது. W என்றால் வாட் என்று நினைத்தேன். பதினைந்து வாட்டுக்கு பல்பு கேள்விப்பட்டிருக்கிறேன், ஆயில் கேள்விப்பட்டதில்லை. புது இன்ஜின் ஆயிற்றே, கரண்டு சம்பந்தமாக ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜே.சி. ரோட்டுக் கடையில் போய் நின்று, மெக்கானிக் மேஸ்திரிகள் செய்கிற மாதிரி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. பழைய லாரிகளுக்கு நாங்கள் ஊற்றிய ஆயில் ஜிலேபிப் பாகு மாதிரி விரலில் ஒட்டும். இது தண்ணியாக இருக்கிறது, கெட்டியாகக் கொடுங்கள் என்றேன். பெரிய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், டர்போ லாரிக்கு என்றேன். அவர் கேனைத் திரும்ப வாங்கி மூடிவிட்டு, முதலில் சர்வீஸ் ஒர்க்ஷாப்பில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அன்று கெட்டி ஆயிலை விற்றிருந்தால் இந்தக் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

இரண்டாயிரம் கிலோமீட்டரில் முதல் சர்வீஸ். ஒர்க்ஷாப் இன்ஜினியர் பொறுமைசாலி. W என்றால் விண்டர், குளிர் என்றார். முதல் நம்பர், ஆயில் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது நம்பர், சூட்டில் எவ்வளவு கனம் நிற்கும் என்பதற்கு. டர்போ படுவேகமாகச் சுற்றுகிற சாமான், காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் அங்கே ஓடிப்போய்ச் சேர வேண்டும், கெட்டி ஆயில் ஆடி அசைந்து வருவதற்குள் அங்கே உலோகத்தோடு உலோகம் தேயும். கேனில் CF-4 என்று எழுத்து இருக்கிறதா பார், அது தரம். பழைய தர எழுத்து போட்ட ஆயிலில் இதை ஓட்டாதே. இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும், பயப்படாதே, கரியைச் சுமக்கிற வேலையை ஆயில் ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம். இரண்டு, கலரைப் பார்க்காதே, கிலோமீட்டரைப் பார், இனி ஒவ்வொரு ஒன்பதாயிரத்துக்கும் ஆயிலும் ஃபில்டரும்.

நான் யார்டுக்குத் திரும்பி வந்து முதல் விஷயத்தை பாயிடம் மிகவும் விளக்கமாகச் சொன்னேன். கறுப்பு என்றால் நல்லது பாய், வேலை செய்யுது என்று சொல்லி, கரியின் பெருமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அன்றுதான் தெரிந்துகொண்ட விஷயத்தைப் பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரிப் பேசுவதில் எனக்கு ஈடு கிடையாது. இரண்டாவது விஷயம்தான் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

3. போட்டாச்சு

எங்கள் யார்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். ஹாரன் போடு, சீட் கவர் போடு, தார்ப்பாய் போடு, ஆயில் போடு. அளவு குறைந்தால் ஊற்றுவதும் போடுவதுதான், பழசை இறக்கிவிட்டுப் புதுசு நிரப்புவதும் போடுவதுதான். கன்னடத்தில் சொன்னாலும் 'ஹாக்கு' என்று அதே கதைதான். அமாவாசைக்கு அமாவாசை எல்லோரும் கூடி நின்று செய்கிற வேலை என்பதால் அதில் குழப்பம் வந்ததே இல்லை. கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

புது லாரி பூனா லைனில் ஓடியது. பதினோராயிரத்தில் அடுத்த ஆயில் மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு வரும்போது வண்டி ஹூப்ளிப் பக்கம் இருக்கும் என்று மேப்பை வைத்துப் பார்த்து, புறப்படும்போதே ஒரு பக்கெட் ஆயிலும் ஒரு ஃபில்டரும் கேபினில் ஏற்றிவிட்டேன். பெரிய திட்டம். பாயிடம் சொன்னது இதுதான்: "பதினோராயிரம் ஆனதும் ஆயில் போட்ருங்க பாய்."

ஹூப்ளியிலிருந்து எஸ்.டி.டி. பூத்தில் பாய் போன் பண்ணினார்.

"ஆயில் போட்டாச்சா பாய்?"

"போட்டாச்சு தாஸு."

"கறுப்பா இருந்துச்சா?"

"நல்லா கறுப்பு. நீ சொன்ன மாதிரியே."

எனக்கு ஒரே சந்தோஷம். சர்வீஸ் கார்டை எடுத்து, பதினோராயிரத்துக்கு நேராக 'ஆயில், ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன். சூப்பர்வைசரான பிறகு போட்ட கையெழுத்து, ஸ்டோர்ஸ் கையெழுத்தைவிட ஒரு சுழி அதிகம்.

வண்டி திரும்பி வந்தபோது கேபினில் அந்தப் பக்கெட் போர்வைக்குப் பக்கத்தில் இருந்தது. காலிப் பக்கெட்டைத் தூக்கி எறியாமல் தண்ணி பிடிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்து, பாயின் சிக்கனத்தை நஞ்சப்பாவிடம் புகழ்ந்தேன். கையால் தொட்டிருந்தால் போதும். புகழ்வதற்குப் பக்கெட்டைத் தொட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

4. களி

மீட்டர் பத்தொன்பதாயிரத்து ஐநூறு காட்டியபோது, தும்கூர் தாண்டி, ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. பாய் வண்டியை ஓரங்கட்டி அந்த நிமிஷமே இன்ஜினை நிறுத்திவிட்டார். நிறைய டிரைவர்கள் அடுத்த டீக்கடை வரைக்குமாவது ஓட்டியிருப்பார்கள். பாய் அந்த வண்டியைத் தன் தோளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்துக்கொண்டு வந்து ஒர்க்ஷாப்பில் விட்டோம். இன்ஜினியர் அடியில் ஆயில் இறக்குகிற டிரெயின் பிளக்கைக் கழற்றினார். ஆயில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ராகிக் களி மாதிரி ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. அவர் கையில் என் சர்வீஸ் கார்டு இருந்தது. என் சிவப்பு மையைப் பார்த்தார், களியைப் பார்த்தார். இது எட்டாயிரத்து ஐநூறு ஓடின ஆயில் கிடையாது, இது ரெண்டாயிரத்துல நான் ஊத்தினதேதான் என்றார். ஃபில்டரைக் கழற்றினார். முதல் சர்வீஸில் அவரே அதன்மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய தேதி இருந்தது.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைத் திறந்து பேரிங்குகளைப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜின் பிழைக்குமா என்று சொல்ல முடியும் என்றார். அவர் உள்ளே போனதும் நஞ்சப்பா பாய் பக்கம் திரும்பினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சாதாரணமாகக் கேட்டார்.

"ஆயிலை எங்க வித்தீங்க பாய்?"

பாய் கேபினில் ஏறினார். பக்கெட்டை இடது கையால் இறக்கிக் கொண்டுவந்து கீழே வைத்து மூடியைத் திறந்தார். பாதிக்கு மேல் ஆயில் இருந்தது. மேலே, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத ஃபில்டர்.

"குறையக் குறைய இதுல இருந்துதான் போட்டேன் சார். ஹூப்ளில ரெண்டு லிட்டர். அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணரை. ஃபில்டர் ஸ்பேருக்குன்னு நினைச்சேன். மாத்தறது ஒர்க்ஷாப்ல, மொத தடவை மாத்துன மாதிரி."

நஞ்சப்பா கார்டைத் தட்டினார். "மாத்தினேன்னு போன்ல சொல்லியிருக்கீங்களே. சுள்ளு ஹேளோது ஏன்?" பொய் சொல்வது ஏன் என்று அர்த்தம்.

"போட்டேன்னுதான் சொன்னேன்."

"அதான்ரீ நானும் கேக்கறேன். போட்டேன்னு சொல்லிட்டு மாத்தலையே."

பாய் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நஞ்சப்பா லாரிச் சாவியைக் கேட்டுக் கை நீட்டினார், பாயும் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் உடனே முன்னால் வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். டீ வந்தது. குடித்தேன். டம்ளரைக் கழுவிக்கூட வைத்தேன், ஒர்க்ஷாப்பில் அது என் வேலை இல்லை. குடித்து முடிப்பதற்குள் பாயே ஏதாவது சொல்லி என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார், எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"சார்," என்றேன், "மாத்துங்கன்னு நான் பாய்கிட்ட சொல்லவே இல்லை. போடுங்கன்னு சொன்னேன். போட்டாச்சான்னு கேட்டேன். அவர் போட்டாச்சுன்னார். மாத்தினதா எழுதினது நான். கறுப்பானா நல்லதுன்னு சொல்லி வெச்சதும் நான்தான். அவர் பொய் சொல்லலை. கார்டுல இருக்கிற பொய் என் கையெழுத்து."

நஞ்சப்பா கார்டை மறுபடி பார்த்தார். ஒரு சுழி அதிகமான கையெழுத்து. "நான் கேட்டிருந்தாலும் ஆயில் ஹாக்கிதீரான்னுதான் கேட்டிருப்பேன்" என்றார். அது எனக்கு ஆறுதலா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

5. இறங்கியதும் ஏறியதும்

பேரிங்குகள் தப்பித்திருந்தன. விளக்கு எரிந்ததும் நிறுத்தியவருக்கு நன்றி சொல்லுங்கள், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினைப் பிரித்திருக்க வேண்டும் என்று இன்ஜினியர் நஞ்சப்பாவிடமே சொன்னார். நஞ்சப்பா சாவியைத் திரும்ப பாயிடம் நீட்டினார்.

பாய் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கறேன் சார். ஆனா ஒண்ணு. இனிமே தாஸு போன்ல கேக்கக் கூடாது. அடுத்த தடவை வண்டி எங்க நின்னாலும் அவரே வந்து அடியில படுக்கணும்."

நஞ்சப்பா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். தீர்ப்பு அப்படியே நிறைவேறியது. இரண்டு மாசம் கழித்து, ராத்திரி பஸ் பிடித்து ஹூப்ளிக்குப் போய், பூனா ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். சூடான ஆயில்தான் முழுசாக இறங்கும் என்று மேனுவலில் படித்திருந்தேன். எவ்வளவு சூடு என்று அதில் போடவில்லை. பிளக்கின் கடைசி மரையைச் சுற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றும் போடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் யார்டில் ஆயில் போட்டாச்சா என்ற கேள்வி கிடையாது. கேள்வி இரண்டு: கீழே எவ்வளவு இறங்கியது, மேலே எவ்வளவு ஏறியது. டாப்-அப் என்றால் இறங்கியதில் பூஜ்யம் வரும், யாரும் பொய் சொல்லாமலே தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். எந்த கிரேடு, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்தால் வந்துவிடும். ஆச்சு என்று ஒருவர் சொன்னால், என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அன்று மரத்தடியில் நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பாய் கார்டை நீட்டி, நான் சொல்கிறேன், நீ எழுது என்றார். சிவப்பு மை வேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன். பிறகு அதைப் பார்த்த ஒர்க்ஷாப் இன்ஜினியர் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சீல் குத்திக் கொடுத்தார்:

'இறங்கியது பதிமூன்றரை லிட்டர். ஏறியது பதினாலு. மீதி அரை லிட்டர் சூப்பர்வைசர் சட்டையில்.'