வசனக்காரர் வீட்டுப் பேச்சு

அந்த அரை மணி நேரம் தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. மளிகைக்கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு டிவியில் கண்ணை வைத்திருப்பார். சாமான் வாங்க வந்தவரும் அவசரப்படுத்த மாட்டார். அப்படியும் ஒரு காலம் இருந்தது. அந்த அரை மணி நேர சீரியலை எழுதியவர்தான் நம் வசனக்காரர். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பாவம். ஆனால் தபால்காரர் முதல் மாமனார் வரை எல்லோருக்கும் அவர் வசனக்காரர்தான்.

இன்று கண்ணை மூடினாலும் அவருக்கு அந்த ஷூட்டிங் வீடுதான் வந்து நிற்கும். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் நடக்கும். திரைச்சீலையை மாற்றி சோபாவைத் திருப்பிப் போட்டால் பணக்கார வீடு. சோபாவைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் ஏழை வீடு. மூன்று வீட்டுச் சுவரிலும் தொங்கியது ஒரே கடிகாரம்தான். பார்த்த ஜனங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. லைட் போடுகிறவர்கள் ஏணியில் இருக்கும்போதே இவர் மாடிப்படியில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். மை காய்வதற்குள் தாள் பிராம்ப்டர் கைக்குப் போய்விடும். கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் வசனத்தை வாசிக்க வாசிக்க, நடிகை அதைத் திருப்பிச் சொல்லி அழுவார். அந்தப் பிராம்ப்டருக்கோ வருஷம் முழுக்க ஜலதோஷம். புதுமணப்பெண்ணின் கொஞ்சல்கூட முதலில் அந்த அடைத்த மூக்கிலிருந்துதான் பிறக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள் அவை.

"வசனமெல்லாம் எங்கிருந்து சார் வருது?" என்று பேட்டி எடுப்பவர்கள் கேட்டால், கன்னத்தில் கைவைத்து விட்டத்தைப் பார்ப்பார். சுத்தப் பொய். வசனமெல்லாம் அடுப்படியிலிருந்து வந்தது. அவர் மனைவியின் வாய் அப்படி. பால்காரரிடம் பேசினாலும் பொறி பறக்கும். இவர் சாப்பிட்டுக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பார். அது அடுத்த வாரம் டிவியில் வரும். "பேசினது நான், பேர் வாங்கினது நீங்க" என்று அவள் இடிப்பாள். உள்ளூரப் பெருமைதான்.

வினை மனைவியின் தங்கை ரூபத்தில் வந்தது. அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஓடியாடிப் பார்த்தவள் அவள். பார்த்ததைப் போகிற இடமெல்லாம் சொல்லவும் சொன்னாள். அதில் ஒரு நாள் பேச்சு முற்றி, "நீ செஞ்சது உதவியாடி? ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டியே!" என்றாள் அக்கா. சண்டை அன்று சாயங்காலமே ஆறிவிட்டது. ஆனால் வசனக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை, அப்படியே சீரியலில் எழுதிவிட்டார்.

அது ஒளிபரப்பானபோது மச்சினி புகுந்த வீட்டாரோடு ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன், உதவி, போஸ்டர், எல்லாம் அச்சு அசல். அவள் மாமியார் மெல்லத் திரும்பி, "இது உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கே" என்றாராம். பஸ்ஸிலும் ஆபீஸிலும் ஊரே அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. மச்சினி அக்காவோடு பேச்சை முறித்துக்கொண்டாள்.

மனைவி இவரோடு அடியோடு பேசாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்." "கரண்ட் பில் வந்திருக்கு." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இவர் காதில் விழும்படி யாரோடும் பேச மாட்டாள். போன் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பால்காரர்கூட, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வாயை அவர் தொழிலுக்காகத் தேடவில்லை. அவருக்கு அது இல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டிவியில் அக்காவையும் தங்கையையும் சேர்த்துவைத்தால் மச்சினியின் மனசு இளகும் என்று நம்பினார். சேனல்காரர் விட்டால்தானே! "சண்டைதான் சார் ஓடுது. இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றார். தயாரிப்பாளரே ஆகிவிட்டால் யார் தடுப்பது என்று சீரியலைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். நடிகைக்குப் பல்வலி, ஜெனரேட்டர் வண்டி பஞ்சர், எல்லாம் அவர் தலைவலி. மாடிப்படியில் உட்கார்ந்து எழுதின சுகம் போயே போய்விட்டது. ஆனாலும் பிடித்த பிடியை விடாமல் சேர்த்துவைத்தார். கட்டிப்பிடித்து அழுத காட்சியில் பிராம்ப்டரும் மூக்கைச் சிந்தினார். அழுகையா ஜலதோஷமா என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை தீர்ந்த வீட்டில் ஜனங்களுக்கு என்ன வேலை? எல்லோரும் வேறு சேனலுக்கு மாறிவிட்டார்கள். சேனல்காரர் சீரியலுக்கு மங்களம் பாடினார். மச்சினியிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை.

கடைசியில் வசனக்காரர் நேரிலேயே போனார். கதவைத் திறந்த மச்சினியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"என்ன அத்தான், வசனம் எடுத்துக் கொடுக்க ஆளைக் கூட்டிட்டு வரலியா?"

"இல்லம்மா... அந்தக் கடைசி எபிசோடு பாத்தியா? ரெண்டு பேரும் சேந்துட்டாங்க."

"அன்னைக்கு அணைச்ச டிவிதான். நான் அந்தப் பக்கமே போறதில்ல."

யாருக்காக இத்தனை பாடுபட்டாரோ, அவள் பார்க்கவே இல்லை! படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடதும்மா. உங்கக்கா எழுதச் சொல்லல. டிவியில வந்தப்புறம்தான் அவளுக்கே தெரியும். இப்ப அவ வாயே திறக்கறதில்ல."

மச்சினி கதவை விட்டு வெளியே வந்தாள். "அவதான் சொல்லி எழுத வச்சான்னு நினைச்சேன்... அக்காவா? வாயே திறக்கறதில்லையா?"

சில நாள் கழித்து அவளே வந்தாள். அடுப்படியில் முதலில் அழுகை கேட்டது, பிறகு மூக்கு உறிஞ்சல், அப்புறம் சண்டை. சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்துகொண்டது. ஹாலில் இருந்த வசனக்காரர் சத்தம் காட்டாமல் எழுந்து சட்டையை மாட்டினார்.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"நீங்க பேசுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

"கேக்காம எப்படி? இவ பேசற பேச்சைக் கேட்டு நியாயத்தைச் சொல்லுங்க. உக்காருங்க முதல்ல."

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு தரப்பையும் முழுசாகக் கேட்டுவிட்டு, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். அக்காவும் தங்கையும் சேர்ந்துகொண்டு அவரைப் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டார்கள்.