எடைமேடையில் இருண்ட திரை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்கு ஆலையின் எடைமேடையில் நான் வேலை பார்க்கிறேன். லாரி மேடைமீது ஏறி நின்றதும் அதன் எடை கணினிக்கு வரும். காலி வண்டியின் எடையைக் கழித்துச் சீட்டு அச்சிட்டுத் தருவது என் பொறுப்பு. அந்தச் சீட்டு இல்லாமல் இரும்பு ஏற்றிய எந்த வண்டியும் வாசலைத் தாண்ட முடியாது. கணினியோ, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பழையது. அதன்மீது எனக்கு ஒரு வாஞ்சை உண்டு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் அதை இயக்கினேன். பெட்டிக்குள் விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே இருந்தது.

சன்னலுக்கு வெளியே சூலூர்பேட்டை ஓட்டுநர் ஒருவர் காத்திருந்தார். பூஜைக்கு முந்தைய மாலை, அவர் வண்டியில் சரக்கு ஏறி முடிவதற்குள் எடைமேடையைப் பூட்டிவிட்டோம். விடுமுறை முழுவதையும் அவர் லாரியிலேயே கழித்திருந்தார்.

"இன்னாச்சு மேடம்? மதியம் என் பொண்ணுக்கு வளைகாப்பு. நைனா வந்தாத்தான் மணையில குந்துவேன்னு அடம் புடிச்சிக்கினு கீது."

"வண்டிய உட்டுட்டு பஸ்ல போயிடுங்களேன்."

"இம்மாம் இரும்ப உட்டுட்டா? அப்புறம் எனக்குத்தான் காப்பு மாட்டுவாங்க."

திருவள்ளூரிலிருந்து வரவேண்டிய பழுதுபார்ப்பவர் மாலையில்தான் வருவார் என்று மேலாளர் தொலைபேசியில் சொன்னார். மாலை வரை காத்திருந்தால் அந்தப் பெண்ணின் சடங்கு முடிந்துவிடும். நானே பெட்டியைத் திறந்தேன்.

ரேம் எனப்படும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிப்பானால் தேய்த்து மீண்டும் பொருத்தினேன். இயக்கியதும் வழக்கமான ஒற்றைப் 'பீப்' ஒலி கேட்டது, திரையில் மாற்றமில்லை. அப்போது விசைப்பலகையின் 'நம் லாக்' விசையை அழுத்திப் பார்க்கத் தோன்றியது. சிறிய பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. கணினி விழித்திருக்கிறது, நான் சொல்வதைக் கேட்கவும் செய்கிறது. அது காட்ட நினைப்பது மட்டும் வழியில் எங்கோ தொலைந்துபோகிறது.

திரை கெட்டிருக்குமோ? என்னோடு பணிபுரியும் தோழி ஓடிப்போய், காவலர் அறையின் திரையை அதன் கேபிளோடு தூக்கி வந்தாள். அதிலும் இருள்தான். ஆக, குற்றம் திரையிலும் இல்லை, கேபிளிலும் இல்லை. மிஞ்சியது பெட்டியின் பின்புறத்தில் கேபிளைச் செருகும் இடம் ஒன்றுதான். அங்கே கேபிளின் முனையிலுள்ள செருகி முழுதாக உள்ளே போகாமல் நிற்பதை விரலால் உணர்ந்தேன். உருவிவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். கறுப்பாகத் தெரியவேண்டிய சிறு துளைகள் மஞ்சளாக அடைந்திருந்தன.

"பூஜைக்கு இத கழட்டினியா?" என்று தோழியைக் கேட்டேன்.

"கழட்டாம எப்பிடிக்கா தொடைக்கிறது? தொடைச்சி, ஒண்ணொண்ணுக்கும் சந்தனம் வெச்சேன்."

"இந்தத் துளைக்குமா?"

"அதுந்தான வேல செய்யுது? அத்த மட்டும் உட்டா கோச்சிக்காதா?"

சன்னலில் சாய்ந்திருந்த ஓட்டுநர், "கோச்சிக்கினது போதும், கொஞ்சம் சிரிக்கச் சொல்லும்மா" என்றார். வாய் கேலி பேசினாலும் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்தேன். தோழி தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். உலர்ந்த சந்தனத்தைத் துளைதுளையாகக் கிளறி, உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டேன். மேசைமேல் மஞ்சள் துகள்கள் உதிர்ந்தன. அவசரத்திலும் அதன் மணம் இதமாக இருந்தது. இம்முறை செருகி ஆழமாக இறங்கி உட்கார்ந்தது; இரு பக்கத் திருகுகளும் பிடித்துக்கொண்டன.

இயக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு நீலம் விரிந்தது. தோழி என் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். ஓட்டுநர் அதற்குள் வண்டிக்கு ஓடியிருந்தார். லாரி மேடைமீது ஏறியதும் எண்கள் தடுமாறி, உயர்ந்து, நிலைத்தன. அச்சுப்பொறி சீட்டைத் துப்பியது. அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகியவர், "வரேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். லாரி நெடுஞ்சாலையில் ஏறி எளாவூர்ப் பக்கம் திரும்புவதை, வேலையை விட்டுவிட்டு இருவரும் வாசலில் நின்று பார்த்தோம்.

ஓட்டுநர் காத்திருந்தபோதே தோழி தன் எண்ணைக் கொடுத்து வளைகாப்புப் படம் கேட்டிருந்தாள்; மதியச் சாப்பாட்டின்போது அவள் கைபேசிக்கு அது வந்தது. கன்னத்தில் சந்தனம் பூசிய ஓர் இளம்பெண் மணையில் அமர்ந்து, முழங்கை வரை வளையல் அடுக்கிய கைகளை முன்னே நீட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால், கசங்கிய காக்கிச் சட்டையோடு அவர் நின்றிருந்தார்.

"சட்டைய மாத்தக்கூட உடல பாருக்கா, அந்தப் பொண்ணு" என்றாள் தோழி.