மந்தைக்குப் போட்ட தளம்

வார்டு மெம்பராக நான் ஊருக்குச் செய்த ஒரே பெரிய வேலை, பஸ் வந்து நிற்கிற ஊர்ப் பொட்டலான மந்தைக்குச் சிமெண்ட் தளம் போட்டதுதான். வெளியூர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியாது. மழை பெய்தால் எங்கள் கரிசல் களியாகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். காலைத் தூக்கினால் செருப்பு அங்கேயே நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்தபடிதான் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறும். அதனால் பஞ்சாயத்தில் மல்லுக்கட்டி அந்தத் தளத்தை வாங்கினேன். அங்கே நிற்கிற வேப்பமரத்தின் தூரைச் சுற்றிக்கூட ஒரு சாண் மண் தெரியக்கூடாது என்று கொத்தனாரிடம் நின்று சொன்னவளும் நான்தான். வேலை முடிந்த அன்று எல்லோருக்கும் கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இங்கே மழை இரண்டு மாதம் பெய்தாலே அதிசயம். மீதி நாளெல்லாம் வெயில்தான். பிறந்ததிலிருந்து அந்த வெயிலில் கிடப்பவளுக்கு, தளம் போடும்போது அது தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டிக் கம்பெனியில் ராத்திரிக் காவல். பகலில்தான் தூங்கியாக வேண்டும். எங்கள் வீடு தாழ்வான காங்கிரீட் வீடு. காலை பத்து மணிக்கே ஃபேன் அனலைத்தான் சுற்றிவிடும். ஆகவே அவர் வருஷக்கணக்காக மந்தை வேம்படியில், மண்தரையில் துண்டை விரித்துப் படுத்துவந்தார். பெண்கள் குடம் கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றுவார்கள். மத்தியானம் வரைக்கும் தரையில் குளிர்ச்சி இருக்கும். பக்கத்தில் ஆடுகள் படுத்து அசைபோடும். அவர் குறட்டைக்கு அவை ஒதுங்கியதே இல்லை.

தளம் வந்த முதல் கோடையில், துண்டை விரித்தவர் ஐந்து நிமிஷத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "தோசக்கல்லு மாதிரில்லா கொதிக்கு," என்றார். அடுத்த கோடையில் மரம் பாதி மொட்டை. வேருக்குத் தண்ணீர் இறங்க நான்தான் வழி வைக்கவில்லையே.

பிறகு அவர் தூக்கத்தைத் தேடி அலைந்தார். கொஞ்ச நாள் ஓடைப் பாலத்துக்கு அடியில், கொஞ்ச நாள் யாரோ ஒருவரின் மோட்டார் ரூமில். கண் சிவந்துபோனது, சோறு இறங்கவில்லை. ஒருநாள் கம்பெனியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். தீக்குச்சி மருந்து இருக்கிற இடம். "இன்னொரு தடவ இப்படிப் பாத்தா வேல கெடையாது அண்ணாச்சி," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த கிராம சபையில் எழுந்து, "மரத்தச் சுத்தியாவது தளத்த ஒடச்சி மண்ணா விட்டுருவோம்," என்றேன்.

"மெம்பரக்கா, போடச் சொன்னதும் நீங்க, ஒடைக்கச் சொல்லுததும் நீங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. கடைசியில் தளத்துக்கு மேலே தகரக் கூரை போடுவதாகத் தீர்மானம் ஆனது. கூரையும் வந்தது. இப்போது சூடு மேலேயிருந்தும் இறங்குகிறது. மறுபடி எழுந்து பேச எனக்குத் தெம்பில்லை. அலுத்துப்போய்விட்டது.

போன சித்திரையில் ஒருநாள், விடிவதற்கு முன்பே அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"இனி வரவேண்டாம்னுட்டாவ," என்றார்.

திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"விடுட்டி. இனிமே எல்லாரையும் மாதிரி ராத்திரியே தூங்கிக்கிடலாம்லா."

ஆனால் தூக்கம் வந்தபாடில்லை. இருபது வருஷப் பழக்கம். ராத்திரியில் மணிக்கொரு தரம் எழுந்துபோய், எங்கள் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்.